புதிய பிளேடை மாட்டும் முன்

அன்பு மகளுக்கு,

கல் வெட்டும் மெஷினில், நீ வாங்கிய புது வைரப் பிளேடை, துளை பெரிதாக இருந்தாலும் மாட்டலாமா என்று நேற்று இரவு நீ தொலைபேசியில் கேட்டதற்கு "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாய்; சொல்லத் தொடங்கினால் நீளும் என்பதால் எழுதி அனுப்புகிறேன் என்றேன். முற்றத்தில் பதிக்க வேண்டிய கற்களில் பாதி வெட்டப்படாமல் கிடக்கின்றன என்பதும், தோழியிடம் இரவல் வாங்கிய கட்டிங் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும், அந்தப் பிளேடை இப்போதிருக்கிற நிலையில் மாட்டாதே.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளேடின் விட்டம் 350 மி.மீ., அது சரி. நடுத்துளை 25.4 மி.மீ., அதாவது ஓர் அங்குலம். கழற்றிய பழைய பிளேடின் துளையோ 20 மி.மீ. தான். "இரண்டு பக்கமும் வாஷர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், துளை கொஞ்சம் பெரிதாக இருந்தால் என்ன" என்று விற்றவர் சொன்னாராம். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. வாஷர் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் பிளேடை நடுவில் நிறுத்துவது அதன் வேலை அன்று. அது மெஷினின் சுழலும் தண்டும் பிளேடின் துளையும் சேர்ந்து செய்கிற வேலை. இரண்டு அளவுகளுக்கும் இடையே 5.4 மி.மீ. இருக்கிறது. தண்டின் மேல் பிளேடு தொங்கி உட்காரும்போது அதன் மையம் அதில் பாதியளவு, 2.7 மி.மீ., கீழே இறங்கி நிற்கும். அந்த நிலையிலேயே நீ அதை இறுக்கிவிடுவாய். இந்த வகைப் பெட்ரோல் மெஷினில் தண்டு நிமிடத்துக்கு 5,000 சுற்றை ஒட்டிச் சுழலும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிளேடு அந்த வேகத்தில் 2.7 மி.மீ. மையம் தவறிச் சுழன்றால், ஏறத்தாழ 110 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஈடான விசை தண்டை இழுக்கும் என்று நேற்று இரவு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இழுப்பு ஒரே திசையில் நிற்பதும் இல்லை. ஒரு நொடிக்குள் எண்பது தடவைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்து உன் கைகளை உலுக்கும்.

இதை நான் கணக்கினால் கற்றுக்கொள்ளவில்லை. நீ பிறப்பதற்கு முன்பு ஒரு நாள், இதே போன்ற துளைப் பிரச்சினை வந்தபோது, டின் தகட்டைக் கீற்றாக வெட்டித் தண்டைச் சுற்றி வைத்து இடைவெளியை நிரப்பினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். முதல் கல்லிலேயே விரல்கள் மரத்துப் போயின. புதுப் பிளேடு போகப் போகப் படிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாவது கல்லில், விளிம்பில் பற்றவைத்திருக்கும், வைரத்துணுக்குகள் கலந்த உலோகத் துண்டுகளில் ஒன்று பிய்ந்து தெறித்து, எனக்குப் பின்னால் இருந்த மரக்கதவில் புதைந்தது. கல் தெறித்ததாக உன் அம்மாவிடம் சொன்னேன். இன்றுவரை அவளுக்கு அதுதான் தெரியும்; நீயும் சொல்ல வேண்டாம்.

இனி நீ செய்ய வேண்டியது. உள்பக்க வாஷரைக் கழற்றி, அதன் நடுவில் பிளேடு உட்காருவதற்கான மேடு போன்ற வளையம் ஒன்று இருக்கிறதா என்று பார். சில மெஷின்களில் அந்த வளையத்தைத் திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் 20, மறுபக்கம் 25.4 என்று இரண்டு அளவுக்கும் பொருந்தும். அப்படி இருந்தால் உன் கவலை அந்த நிமிடமே தீர்ந்தது. இல்லையென்றால், அந்த மெஷினைச் செய்தவர்களே அந்தத் தண்டுக்கென்று விற்கும் புஷ்ஷை, அதாவது தண்டுக்கும் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் வளையத்தை, வாங்கு. அது பிளேடின் தடிமனைவிட அகலமாக இருக்கக் கூடாது. இருந்தால் வாஷர்கள் புஷ்ஷைத்தான் நெரிக்குமே தவிரப் பிளேடைப் பிடிக்கா. புஷ் கிடைக்காவிட்டால் 20 மி.மீ. துளையுள்ள பிளேடாக மாற்றிக்கொள். இதற்கு நேர்மாறாக, பிளேடின் துளை தண்டைவிடச் சிறிதாக இருந்தால் அதை அரத்தால் ராவிப் பெரிதாக்கும் யோசனை எந்தக் காலத்திலும் வேண்டாம்.

துளைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது எண். பிளேடின் மேல் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று உச்ச வேகத்தை அச்சிட்டிருப்பார்கள். மெஷினின் தகட்டிலும் ஓர் எண் இருக்கும். பிளேடின் எண் மெஷினின் எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். மேசையில் நிலையாக வைத்து இரும்புக் கம்பி வெட்டும் மெஷினுக்கான வட்டுகளும் பார்வைக்கு இதே அளவில்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பல நிமிடத்துக்கு 4,300 சுற்றுக்கு மேல் தாங்கக் கூடியவை அல்ல. உன்னுடையதில் 5,500 என்று தெரிகிறது, நல்லது. மெஷினின் தகடு படத்தில் மங்கலாக இருக்கிறது. துடைத்துவிட்டு நேரில் படித்துப் பார்.

தோழி உதிரியாகக் கொடுத்தாள் என்றாயே, அந்தக் கறுப்பு வட்டை ஒதுக்கி வை. அது வைரப் பிளேடு அன்று. அரைபொடியைப் பிசினால் ஒட்டிச் செய்தது. அந்த வகைக்குக் காலாவதி உண்டு. நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும், பெரும்பாலும் செய்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். ஈரத்தில் கிடந்தாலோ கீழே விழுந்தாலோ, வெளியே விரிசல் தெரியாமலே உள்ளே பலம் போய்விடும். அவள் அதை எங்கே, எப்படி வைத்திருந்தாள் என்பது நமக்குத் தெரியாது.

மாட்டுவது பத்து நிமிட வேலைதான். மெஷினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்கு. தண்டு சுழலாமல் இருக்கப் பூட்டுக் கம்பியை அதற்குரிய துளையில் செருகு. ஸ்க்ரூ டிரைவரைப் பிளேடில் குறுக்கே கொடுத்து நிறுத்தாதே. போல்ட் எல்லா மெஷின்களிலும் ஒரே பக்கம் திரும்புவதில்லை. வழக்கமான பக்கம் அசையாவிட்டால், பலத்தைக் கூட்டுவதற்கு முன் இது எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டிய இடது மரையோ என்று யோசி. இரண்டு வாஷர்களின் உள்முகத்தையும் துணியால் துடை. முன்பு வெட்டிய கல்லின் துகள் ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிளேடு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காரும். இரண்டும் ஒரே விட்டத்தில், வளையாமல் இருக்க வேண்டும். பிளேடில் உள்ள அம்புக்குறியும் காப்புத் தகட்டில் உள்ள அம்புக்குறியும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு வைரத்துணுக்குக்கும் பின்னால் அதைத் தாங்கும் உலோகம் வால் போலத் தேங்கி நிற்கும். திருப்பி மாட்டினால் அந்தத் தாங்கல் போய், பிளேடு விரைவில் மழுங்கும். போல்ட்டைக் கையேட்டில் சொல்லிய அளவுக்கு முறுக்கு. நீளக் குழாயை ஸ்பானரில் கோத்து இழுக்கத் தேவையில்லை. பிறகு பூட்டுக் கம்பியை மறக்காமல் எடு. பிளேடைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, விளிம்பு எங்கும் ஆடாமலும் காப்புத் தகட்டில் உரசாமலும் ஓடுகிறதா என்று பார்.

வெட்டுவதற்கு முன், பிளேடு எதையும் தொடாத நிலையில், முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிடு. அந்த நிமிடத்தில் பிளேடு சுழலும் கோட்டுக்கு நேராக, முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது. குழந்தை வீட்டுக்குள் இருக்கட்டும். அந்த வேகத்தில் விளிம்பு மணிக்கு 330 கி.மீ. அளவில் ஓடுகிறது, பிய்ந்து வரும் துண்டும் அதே வேகத்தோடுதான் புறப்படும். கை வழக்கத்தைவிட அதிர்ந்தால் உடனே நிறுத்தி, கழற்றி மறுபடி உட்கார வை.

தண்ணீர்க் குழாயை இணைத்தே வெட்டு. பிளேடு சூடேறாமல் இருக்கும் என்பதைவிட, கல்லிலிருந்து எழும் சிலிக்காத் தூசி உன் நுரையீரலுக்குப் போகாது என்பது எனக்கு முக்கியம். தோட்டத்து மரக்கட்டையையும் இதே மெஷினில் அறுக்கலாமா என்று கேட்டிருந்தாய். மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் ஒருபோதும் மாட்டாதே. பல் சிக்கினால் மெஷின் துள்ளி உன் முகத்துக்கு நேராக வரும்.

புஷ் கிடைத்து, பிளேடைத் தண்டில் உட்கார வைத்ததும், வெளிப்பக்க வாஷரை வைப்பதற்கு முன்பு, துளையில் தண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை அருகில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு போல்ட்டை இறுக்கு.

ஆசிகளுடன்,
அப்பா