பல்லை எண்ணாமல் இனத்தைச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேகமலைப் பக்கம் வால் தெரியாத பழந்தின்னி வௌவால் ஒன்று படத்தில் சிக்கினால் போதும், 'சலீம் அலி பழவௌவால்' என்று தகவல் பரவிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் அரிய இனம் என்பதால் ஆர்வம் இயல்புதான். ஆனால் பறக்கும் வௌவாலின் படத்தை வைத்து இந்த இனத்தை உறுதி செய்ய முடியாது.

இந்த இனத்தின் வரலாறே அதற்குச் சான்று. 1948-ல் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் சேகரித்த வௌவால், பரவலாகக் காணப்படும் வேறொரு இனமான குறுமூக்குப் பழவௌவால் என்ற பெயரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை ஆராய்ந்து, புதிய சிற்றினம் மட்டுமல்ல, புதிய பேரினமும்கூட என்று வெளியிட்டார். அந்த 24 ஆண்டுகளும் சான்று அதன் வாயிலேயே இருந்தது.

குறுமூக்குப் பழவௌவாலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு ஜோடி வெட்டுப்பற்கள். மொத்தம் 30 பற்கள். சலீம் அலி பழவௌவாலுக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி, மொத்தம் 26. வால் இல்லாததை மட்டும் நம்ப முடியாது. வடகிழக்கு இந்தியாவின் மெகெரோப்ஸ் பேரின வௌவாலுக்கும் வெளியே தெரியும் வால் இல்லை. அதற்கு வெட்டுப்பற்கள் மேலே இரண்டு ஜோடி, கீழே ஒரு ஜோடி. முன்னங்கை நீளம் இன்னும் மோசமான அளவுகோல். சலீம் அலி பழவௌவாலுக்கு 66 முதல் 69 மி.மீ.; குறுமூக்குப் பழவௌவாலின் அளவு வரம்புக்குள்ளேயே இது அடங்கிவிடுகிறது. காதோரத்தில் வெளிர்நிற விளிம்பு இருந்தால் குறுமூக்கு என்று சந்தேகிக்கலாம், அவ்வளவே.

பல்லை எண்ணுவதிலும் சறுக்கல்கள் உண்டு. வயதான வௌவாலுக்கு வெட்டுப்பல் விழுந்திருக்கும். ஈறில் பல்குழியின் தடம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகே 'இல்லை' என்று எழுத வேண்டும். குட்டிக்குப் பால்பற்கள் இருக்கும். இறக்கையை விளக்கொளிக்கு எதிரே விரித்தால் விரல் மூட்டுகளில் குருத்தெலும்பு வெளிச்சம் ஊடுருவும் பட்டையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அது இளசு, அதன் அளவுகளைப் பெரியவற்றோடு ஒப்பிடக் கூடாது.

உயிருள்ள வௌவாலைக் கொல்லாமலே இவற்றைப் பார்க்கலாம். துணிப்பையில் சுற்றி, தாடையைக் கட்டைவிரலால் தாங்கி, பஞ்சு சுற்றிய குச்சியால் உதட்டை உயர்த்தி, வெட்டுப்பற்களை நேர் எதிரே வைத்துப் படமெடுக்க வேண்டும். முன்னங்கை அளவை மூன்று முறை எடுத்துச் சராசரி போடலாம். இறக்கைச் சவ்வில் சிறு துளையிட்டு, அந்தத் துண்டை எத்தனாலில் வைத்தால் மரபணுச் சோதனைக்கும் உதவும். தோல் கையுறையும் வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசியும் இல்லாதவர்கள் தொடவே கூடாது. சினையாகவோ குட்டியோடோ இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும்.

தானாக இறந்து கிடைக்கும் வௌவாலின் மண்டை ஓடு பெரும் செல்வம். அதைக் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. பல் எனாமல் வெடித்து, சிறு வெட்டுப்பற்கள் கழன்று தண்ணீரோடு போய்விடும். தோல் வண்டுப் புழுக்களை விட்டுச் சதையைத் தின்னவைப்பதே பாதுகாப்பான வழி. முழு உடலை ஃபார்மலினில் போடுவதென்றால் அதற்கு முன் வாயில் பஞ்சுருண்டை வைத்துத் திறந்து வைக்க வேண்டும். மூடியபடி விறைத்த தாடையைப் பின்னர் திறக்கப் போனால் எலும்பு முறியும். ஃபார்மலின் மரபணுவையும் சிதைத்துவிடும் என்பதால், ஒரு துண்டுத் தசையை முன்பே எத்தனாலில் எடுத்து வைப்பது அவசியம். ரோமத்தின் நிறமும் பாட்டிலில் மாறிவிடும். பழைய மாதிரியின் நிறத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள இனம் இது. ஆய்வுக்காகப் பிடிக்கத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதியும், அதற்கு மத்திய அரசின் முன் ஒப்புதலும் தேவை. அந்த நடைமுறை நடக்கட்டும். அதுவரை எவரும் வலை கட்டாமலே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகங்களில் குறுமூக்குப் பழவௌவால் என்று சீட்டு ஒட்டிய பாட்டில்கள் இருந்தால், துறைத் தலைவர்கள் அவற்றின் உதட்டை மட்டும் உயர்த்திப் பற்களை எண்ணச் சொல்ல வேண்டும். தாடை இறுகியிருந்தால் எக்ஸ்ரே போதும். புதுச் சீட்டில் ஊர், கடல்மட்ட உயரம், தேதி, ஆணா பெண்ணா, முன்னங்கை அளவு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை பாட்டிலில் உள்ள எத்தனாலில் கரைந்துவிடும். வால் இல்லாமல், வெட்டுப்பற்கள் மேலும் கீழும் ஒரே ஒரு ஜோடியாக உள்ள மாதிரி ஏதும் கிடைத்தால், சீட்டை மாற்றும் முன் வனத்துறைக்குத் தகவல் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வௌவால் ஆய்வாளர்கள் சிலர்,
தேனி மாவட்டம்