விலங்குகளிலிருந்து மனிதருக்குப் பரவும் ஒட்டுண்ணி நோய்களைத் தடுக்கக் கூட்டுத் திட்டம் கோரும் மனு

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

நகல்:
கால்நடை பராமரிப்புத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: பன்றி நாடாப்புழு, நாய் நாடாப்புழு ஆகியவற்றால் மனிதருக்கு வரும் நோய்களைத் தடுக்க, இரு துறைகளுக்கும் பொதுவான திட்டமும் நிதி ஒதுக்கீடும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வளரும் நாடுகளின் ஊரகப் பகுதிகளில் விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் ஒட்டுண்ணி நோய்கள் பல உள்ளன. அவற்றுள், இன்று கைவசமுள்ள மருந்துகளையும் தடுப்பூசிகளையும் கொண்டே கட்டுப்படுத்தக்கூடிய இரண்டை மட்டும் முன்னிறுத்தி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

முதலாவது பன்றி நாடாப்புழு. சரியாக வேகாத பன்றி இறைச்சியிலுள்ள இளம்புழுக் கொப்புளத்தை உண்டவரின் குடலில் இப்புழு வளர்கிறது. அவருக்குப் பெரும்பாலும் தொல்லை எதுவும் தெரிவதில்லை. அவரது மலத்தோடு வெளியேறும் முட்டைகள், திறந்தவெளியில் மேயும் பன்றிகளின் வயிற்றுக்குள் மட்டுமன்றி, கழுவாத கைகள், மாசடைந்த நீர், பச்சைக் காய்கறிகள் வழியாக மனிதர் வயிற்றுக்குள்ளும் சென்று, பின்னர் மூளையில் கொப்புளங்களாகத் தங்கி வலிப்பு நோயை உண்டாக்குகின்றன. பன்றி இறைச்சியைத் தொட்டே அறியாதவருக்கும் இந்நோய் வரும் என்பதை, இதைப் பன்றி வளர்ப்போரின் சிக்கலாக மட்டும் கருதுவோர் கவனிக்க வேண்டும். இப்புழு நிலைகொண்ட பகுதிகளில் வலிப்பு நோயாளிகளுள் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒழித்துவிடக்கூடிய நோய்களுள் ஒன்றென 1993ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு வல்லுநர் குழு இதைப் பட்டியலிட்டது. பெரு நாட்டின் வடபகுதியிலுள்ள தும்பெஸ் வட்டாரத்தில் மனிதருக்கும் பன்றிகளுக்கும் ஒருசேர மருந்தளித்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டதன் விளைவாக, 107 ஊர்களில் 105இல் பரவல் நின்றதாக 2016இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

இரண்டாவது நாய் நாடாப்புழு. கொப்புளம் கண்ட ஆட்டின் ஈரலையோ நுரையீரலையோ தின்ற நாய், சில வாரங்களில் முட்டைகளை வெளியேற்றத் தொடங்குகிறது. அம்முட்டைகளை விழுங்கிய மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி ஆண்டுக்கணக்கில் வெளித்தெரியாமல் வளர்ந்து, இறுதியில் அறுவை சிகிச்சை வரை கொண்டு செல்கிறது.

இவ்விரண்டிலும் எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது, நோயைச் சுமக்கும் விலங்கு நலமாகவே காணப்படுவதுதான். கொப்புளம் நிறைந்த பன்றி நன்றாகத் தின்கிறது. முட்டை வெளியேற்றும் நாய் துள்ளித் திரிகிறது. விலங்கு சாகாததால் கால்நடைத் துறையின் இழப்புக் கணக்கில் இந்நோய்கள் இடம்பெறுவதில்லை. மனிதருக்கு நோய் வந்த பின்னரே சுகாதாரத் துறையின் பணி தொடங்குகிறது. பன்றிக்குப் போடும் ஊசியின் பயன் மனிதரின் மூளைக்குத்தான் என்பதால், அதற்கான செலவைப் பன்றி வளர்க்கும் ஏழைக் குடும்பத்தின் தலையில் சுமத்துவதும் முறையாகாது.

ஆகவே, இரு துறைகளுக்கும் பொதுவான நிதி ஒதுக்கீட்டையும், அதற்குப் பொறுப்பேற்கும் ஓர் அலுவலரையும் மாவட்டந்தோறும் ஏற்படுத்துமாறு வேண்டுகிறோம். பன்றிகளுக்குத் தடுப்பூசியும் ஆக்ஸ்ஃபென்டசோல் என்னும் புழு நீக்க மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். அதே காலத்தில் அவ்வூர் மக்களுக்கும் நாடாப்புழு நீக்க மருந்து வழங்கப்பட வேண்டும். அவ்வாறு வழங்கும்போது, குடலில் உறிஞ்சப்படாத நிக்லோசமைடு மருந்தை முதல் தெரிவாகக் கொள்வது நலம். உடலில் உறிஞ்சப்படும் மற்றொரு நாடாப்புழு மருந்தான பிரசிகுவான்டெல், மூளையில் கொப்புளம் இருப்பதை அறியாத ஒருவருக்கு வலிப்பைத் தூண்டிவிடக்கூடும்.

நாய்களுக்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது பிரசிகுவான்டெல் கொண்டு குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். இறைச்சிக்கூடங்களில் கழிக்கப்படும் உறுப்புகளை எரிப்பதோ ஆழப் புதைப்பதோ கட்டாயமாக்கப்பட வேண்டும். சுற்றுச்சுவரும் குழியும் இல்லாத இடத்தில் இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடும் என்பதால், கட்டுமான நிதியும் உடன் ஒதுக்கப்பட வேண்டும்.

மேலும், இறைச்சிப் பரிசோதனையில் கொப்புளம் கண்டறியப்பட்டால், விலங்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்ற விவரம் அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், ஒருவருக்கு மூளைக் கொப்புளமோ ஈரல் நீர்க்கட்டியோ உறுதியானால் அவர் ஊரின் விவரம் கால்நடை மருந்தகத்துக்கும் உடனே சென்றடையும் வகையில் அரசாணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊரக மக்கள் நலனில் அக்கறை கொண்ட மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள்