செல்லப்பிராணிகளின் முகத்தை மாற்றியது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

கடைசி அப்டேட்டில் உங்கள் செல்லப்பிராணி வளர்க்கும் விளையாட்டில் உள்ள எல்லாப் பிராணி இனங்களையும் புதிதாக வரைந்து மாற்றிவிட்டீர்கள். எங்களைக் கேட்கவும் இல்லை, பழையபடி வைத்துக்கொள்ள வழி விடவும் இல்லை.

நான் வளர்ப்பதன் பெயர் சிடுமூஞ்சி. ஒரு காது மடங்கி, முதுகைக் கூனிக்கொண்டு, ஓரக்கண்ணால் முறைத்தபடி நிற்கும். அந்த முறைப்புக்காகவே அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது நிமிர்ந்து நின்று, கைகளை விரித்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. சரி, அது ஒன்றுதான் இப்படியா என்று பார்த்தால் மற்ற இனங்களும் அதே நிற்பு, அதே சிரிப்பு. நிறத்தையும் வாலையும் மறைத்துவிட்டால் எது எந்த இனம் என்றே சொல்ல முடியாது.

காரணம் புரியாமல் இல்லை. இனத்துக்கு ஒரு நிற்பு இருந்தால், பிராணிகளுக்கு மாட்ட நீங்கள் விற்கும் ஒவ்வொரு தொப்பியையும் சட்டையையும் இனத்துக்கு ஒரு முறை வரைய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே உடற்கட்டு என்றால் ஒரு தடவை வரைந்ததை எல்லாவற்றுக்கும் மாட்டிவிடலாம். வேலை மிச்சம், கடைக்குப் புதுச் சரக்கும் சீக்கிரம் வரும். ஆக, உடைக்கு ஏற்றபடி பிராணியை வெட்டித் தைத்திருக்கிறீர்கள்.

இது உங்களுக்கு முன்பே நடந்த கதைதான். நியோபெட்ஸ் என்ற இணையச் செல்லப்பிராணி விளையாட்டில் 2007-இல் உடை மாட்டும் வசதி வந்தபோது, பிராணிகளை அதற்கு ஏற்ற நிற்பில் புதிதாக வரைந்தார்கள். சில நிறங்களில் மட்டும் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ள உரிமையாளர்களுக்கு வாய்ப்பு இருந்தது. அப்படி மாறாமல் நின்றவற்றுக்குத்தான் பின்னால் விளையாடுபவர்களிடையே பெரிய கிராக்கி. உடையே மாட்ட முடியாத பிராணிக்கு! பழைய படத்துக்காக உடையையே விட்டுக்கொடுக்க ஆள் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

புதிய தோற்றம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அலங்காரம் செய்வதுதான் விளையாட்டே. கோடுகளும் இப்போது பெரிய திரையில் சுத்தமாகத் தெரிகின்றன, அதை மறுக்கவில்லை. அவர்களிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் என் முதல் புகாருக்கு, பெரும்பாலானோர் மாற்றத்தை வரவேற்றிருக்கிறார்கள் என்று பதில் போட்டீர்கள். என் பிராணியின் முகத்துக்கு எதற்கு ஊர் ஓட்டு? அதைத் தினமும் திறந்து பார்ப்பவன் நான்.

அப்புறம், காசு விஷயம். பணம் கொடுத்து வாங்கிய சால்வை இப்போது கழுத்தில் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது. தொப்பி மாட்டினால் காதுகள் மொத்தமாக மறைந்துவிடுகின்றன. வாங்கும்போது இரண்டும் சரியாகத்தான் இருந்தன. கடையில் காட்டும் மாதிரிப் படமும் ஒரே ஒரு இனத்தின் மேல்தான். நம்முடையதில் எப்படி இருக்கும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

பழைய படங்களை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் வையுங்கள்: பழைய தோற்றமா, புதியதா என்பதை வளர்ப்பவரே முடிவு செய்யட்டும். பழையதில் உடை மாட்ட முடியாது என்றால் அதற்கும் சம்மதம். ஆனால் நாளைக்கு அதே பழைய முகத்தை "நினைவுகள் தொகுப்பு" என்று பெயர் வைத்துக் கடையில் விற்காதீர்கள். எங்களிடம் இருந்ததை எங்களுக்கே விற்பது வியாபாரம் ஆகாது. பொருந்தாமல் போன சால்வைக்கும் தொப்பிக்கும் விளையாட்டுக் காசு வேண்டாம், கொடுத்த பணத்தையே திருப்பித் தாருங்கள். வாங்கிய ரசீதுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சுவிட்ச் வருமா வராதா என்று மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற தானியங்கிப் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்