பாப்பாவுக்கு, மாத்திரையை நிறுத்தாதே

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது, வாயெல்லாம் கசக்கிறது, இரைப்பைப் புண்ணுக்கு டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக் இரண்டையும் விட்டுவிட்டு கேஸ் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்றாய். வேண்டாம்மா. அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது, முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மருந்துக் கடையிலேயே காலம் போனவன் நான். காலையில் கடை திறந்ததும் "அண்ணே, ஒரு கேஸ் மாத்திரை" என்று வருகிறவர்களில் பலர் வருஷக்கணக்காகப் பார்த்த முகங்கள். அந்த பேன்டோப்ரசோல் மாத்திரையைப் போட்டால் நாலு நாளில் சுகம், விட்டால் திரும்ப எரிச்சல். அமிலம் குறைவதால் வலி போகிறது, புண்கூட ஆறத் தொடங்குகிறது. ஆனால் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தால் அது உள்ளேயேதான் இருக்கும். உனக்கு இப்போது எரிச்சல் நின்றதற்கும் பெரும்பாலும் அந்த மாத்திரைதான் காரணம். கிருமி செத்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் பதுங்கியிருக்கும். அமிலம் கடுமையாக இருக்கும் இடத்தில் பெருகாமல் சும்மா கிடக்கும். உன் ஆன்டிபயாடிக் இரண்டில் ஒன்றான அமாக்சிசிலினோ, கிருமி பெருகும்போது புதிதாகச் செல்சுவர் கட்டுமே, அந்த வேலையைக் கெடுத்துத்தான் கொல்லும். சும்மா கிடப்பதை அது ஒன்றும் செய்யாது. அமிலத்தைக் குறைத்தால் கிருமி பெருக ஆரம்பிக்கும், அப்போது மாட்டும். இன்னொன்றான கிளாரித்ரோமைசின் விஷயம் வேறு, அது அமிலத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆக, டாக்டர் கேஸ் மாத்திரையை எரிச்சலுக்காக மட்டும் எழுதவில்லை. மற்ற இரண்டும் வேலை செய்யவே அது வேண்டும். அதனால்தான் காலையும் இரவும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். நீ இட்லி சாப்பிட்டுவிட்டு மூன்றையும் ஒன்றாக விழுங்குகிறேன் என்றாயே, அதை இன்றைக்கே மாற்று. ஆன்டிபயாடிக்கை மட்டும் சாப்பிட்ட பிறகு போடு.

14 நாளும் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் மிஞ்சுகிற கிருமி மருந்துக்கு அடங்காததாக ஆகிவிடலாம். கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமி நம் நாட்டில் ஏற்கெனவே நிறைய. அப்புறம் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்று வேளைக்கு ஒரு கை மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். இந்தக் கசப்பு கிளாரித்ரோமைசினால் வருவது, மருந்து முடிந்ததும் போய்விடும். உடம்பில் தடிப்போ, மூச்சுத் திணறலோ, அடங்காத வயிற்றுப்போக்கோ வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் போ.

உன் அத்தை, காரம் தின்றதால் வந்த புண் என்கிறாள். ரொம்ப காலம் டாக்டர்களே காரம், கவலை, அமிலம் என்றுதான் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-ல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியும் பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பையில் அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மீன் குழம்பைக் குற்றம் சொல்லாதே என்று அத்தையிடம் நானும் சொல்லிவிட்டேன்.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து, கிருமி போனதா என்று பார்க்க வேண்டும். அதற்கு 2 வாரம் முன்பே, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கேஸ் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். நீ பொங்கலுக்கு வரும்போது அந்தக் கணக்கு சரியாக வரும். நானே பாண்டிக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர் சீட்டையும் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா