ஒட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள், கழற்றுவதைப் பற்றியும் கேளுங்கள்

மருத்துவப் பொருள் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். காயத்துக்குக் கட்டாகப் பயன்படும் ஹைட்ரோஜெல் (தண்ணீர் நிறைந்த மென்மையான ஜெல்) பற்றி நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். எவ்வளவு வலுவாக ஒட்டும், இழுத்தால் எவ்வளவு தாங்கும், கிருமியைத் தடுக்குமா, காயம் எத்தனை நாளில் மூடும் என்று எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதைக் காயத்திலிருந்து எப்படி எடுப்பது என்று மட்டும் கேட்கவில்லை. தீக்காயப் பிரிவில் கட்டு மாற்றுகிற நர்ஸ் நான். அந்த விட்டுப்போன கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, தொடையிலும் வயிற்றிலும் இரண்டாம் நிலைத் தீக்காயம், கட்டுப் பிரித்தேன். வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, சலைன் ஊற்றி ஊறவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உரித்தேன். பாதி தூரம் நன்றாக வந்தது. அப்புறம் ஓரிடத்தில் காய்ந்து ஒட்டியிருந்த கட்டோடு, அப்போதுதான் வளர்ந்திருந்த மெல்லிய தோலும் சேர்ந்து வந்து, அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்தது. அவள் அலறவில்லை. "மீதியை நாளைக்கு எடுக்கலாமா அக்கா" என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆற வேண்டிய தோலை ஆற்றுகிற கையே பிய்க்கிறது, இதை எத்தனை வருடம் செய்தாலும் பழகாது.

இதற்கு வழியே இல்லையென்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். ஜெல்லுக்குள் இருக்கும் பாலிமர் இழைகளை, அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை, குறுக்கே கட்டிவைக்கும் பிணைப்பு, வேண்டும்போது அவிழ்கிற மாதிரி இருந்தால் போதும், ஜெல்லே கரைந்து வழிந்துவிடும், உரிக்கவே வேண்டாம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரின்ஸ்டாஃப் குழு 2013இலேயே காயத்தை மூடிவைத்துப் பிறகு கரைக்கக்கூடிய இப்படி ஒரு ஜெல்லை வெளியிட்டது. 2016இல் அதே வழியில் இரண்டாம் நிலைத் தீக்காயத்துக்கான கட்டையே செய்து, விலங்குகளில் சோதித்தும் காட்டினார்கள். தையோஎஸ்டர் என்ற கந்தகம் உள்ள பிணைப்புகள் தாங்கும் வலை அது. தையால் என்ற கந்தகச் சேர்மம் உள்ள ஒரு கரைசலை ஊற்றினால், அந்தத் தையால் பிணைப்பில் இடம் மாற்றிக்கொண்டு நுழைந்து வலையை அறுத்துவிடுகிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட்டும் இந்த வகைதான், அதன் இழைகளைக் கால்சியம் பிடித்து வைத்திருக்கிறது, சிட்ரிக் அமிலத்தின் உப்பான சிட்ரேட் அந்தக் கால்சியத்தை இழுத்துக்கொண்டால் ஜெல் தளர்ந்துவிடும்.

அவிழும் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்த டைசல்ஃபைடு பிணைப்பாக இருந்தால் உடம்பில் இயல்பாகவே இருக்கும் குளூட்டதையோன் என்ற சிறு மூலக்கூறே அதை உடைக்கும், அப்போது நாங்கள் தொடும் முன்பே கட்டு நழுவிவிடலாம். கரைக்கும் திரவம் திறந்த காயத்தில் எரியுமா, எத்தனை நிமிடத்தில் கரையும், மிச்சம் தங்குமா, காய்ச்சலும் நீர்க்கசிவும் இருக்கிற இரவில் தாங்குமா? வார்டில் எங்களுக்கு வேண்டிய பதில்கள் இவைதான். நீங்கள் கேட்காததால் யாரும் இவற்றை அளந்து எழுதுவதில்லை. ஒட்டும் வலிமைக்கு மதிப்பெண் கொடுத்தால் எல்லோரும் இன்னும் வலுவாக ஒட்டுகிற ஜெல்லைத்தான் செய்வார்கள், அதைப் பிரிக்கிற வேலை எங்களிடமும், வலி அந்தக் குழந்தையிடமும் வந்து சேரும்.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். பல வருடமாக விண்ணப்பங்களைப் படித்து நல்ல வேலைகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் நீங்கள், அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: இந்தக் கட்டைத் தோலைப் பிய்க்காமல் எப்படி எடுப்பீர்கள், எத்தனை நிமிடத்தில்? அதற்கு அளந்த பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். விலங்குச் சோதனையோடு நிற்கிற ஜெல்களை மனிதச் சோதனைவரை கொண்டுபோக ஒரு பங்கு நிதியைத் தனியாக வையுங்கள். முடிந்தால், அந்தப் பதில்களைப் படிக்கும் நாளில் கட்டுப் பிரிக்கிற ஒரு நர்ஸையும் உங்கள் மேசையில் உட்கார வையுங்கள். அழைத்தால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தீக்காயப் பிரிவுச் செவிலியர் ஒருவர்