பிளக்கைக் கழற்றிப் பார்க்காமலே 'பிளாக் போச்சு' என்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறேன். விடியும் முன்னே மொட்டைப் பறித்து, ஈரச் சாக்கில் கட்டி, 9 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பூ மார்க்கெட்டில் கொண்டு சேர்த்தால்தான் விலை. வெயில் ஏறி மொட்டு விரிந்துவிட்டால் அதே பூவைப் பாதி விலைக்குக் கேட்பார்கள். அந்த 9 கிலோமீட்டருக்கு எனக்குத் துணை ஒரு டிவிஎஸ் 50. 1997-ல் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் காலமான பிறகு நான் ஓட்டுகிறேன்.

போன ஐப்பசியில் மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய்விட்டு, பூ வரத்து குறைவான காலம்தானே என்று இரண்டு மாதம் அங்கேயே இருந்துவிட்டேன். திரும்பி வந்து வண்டியை ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தால் இன்ஜின் பிடிக்கவே இல்லை. முழங்கால் வலிக்கிற வரை மிதித்தேன். அக்கம்பக்கத்துப் பையன்கள் தள்ளியும் பார்த்தார்கள். அப்புறம் உருட்டிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் பெடலை நாலு சுற்று சுற்றிவிட்டு, "கம்ப்ரஷன் இல்லைம்மா. பிளாக், பிஸ்டன் ரெண்டும் போச்சு. 5,800 ஆகும். இல்லைன்னா எடைக்குப் போட்டுருங்க" என்றார். பிளாக் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை. அது போனதாகச் சொன்னவர், பொறி அடிக்கும் பிளக்கைக் கழற்றக்கூட இல்லை. நான் வண்டியை வீட்டுக்கே உருட்டி வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் அதற்காகத்தான். இதே மாதிரி வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். கீரைக்காரர், பால்காரர், பாத்திரம் விற்கிறவர். 5,800 ரூபாய் என்றால் அவர்களுக்கு ஒரு மாத வட்டியும் அரிசியும் போய்விடும். டூ ஸ்ட்ரோக் வண்டி (பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றி ஓட்டுவது) ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பார்க்க வேண்டியது மூன்றே மூன்று: பிளக்கில் கரண்ட் வருகிறதா, பெட்ரோல் உள்ளே போகிறதா, இன்ஜினில் அமுக்கம் (கம்ப்ரஷன்) இருக்கிறதா. என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்த வரிசை இது.

முதலில் பிளக்கைக் கழற்றினேன். பிளக் நனைந்து சொட்டினால் பெட்ரோல் உள்ளே கூடுதலாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். பெட்ரோல் டேப்பை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து, பிளக் இல்லாமலே பெடலைச் சுற்றி வெளியேற்ற வேண்டும். கறுப்பாக எண்ணெய் அப்பியிருந்தால் துடைத்து, உப்புத்தாளால் முனையைத் தேய்க்க வேண்டும். என்னுடையது பழுப்பு நிறத்தில், காய்ந்துபோய் இருந்தது. அதாவது பெட்ரோலே வரவில்லை.

சரி என்று பிளக்கைத் தொப்பியில் மாட்டி, இன்ஜின் தலையில் வெறும் உலோகம் தெரிகிற இடத்தில் படும்படி சாய்த்து வைத்து, பெடலைச் சுற்றினேன். நீலமாகப் பொறி அடித்தது. (பிளக் ஓட்டையை ஒட்டி இதைச் செய்யக் கூடாது. உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.) ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பேத்தியைப் பெடல் சுற்றச் சொன்னேன். 'புஸ்' என்று விரலைத் தள்ளிவிட்டது. கம்ப்ரஷன் இல்லாத இன்ஜின் விரலைத் தள்ளுமா? ஓட்டைக்குள் அரை ஸ்பூன் பெட்ரோல் ஊற்றிப் பிளக்கை மாட்டி மிதித்ததும் இரண்டு இருமல் இருமி நின்றது. கரண்டும் இருக்கிறது, அமுக்கமும் இருக்கிறது. கோளாறு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் என்று அப்போதே உறுதியாகிவிட்டது.

அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் கவிழ்த்தேன். மேலே பெட்ரோல், அடியில் தனியாகத் தண்ணீர் மாதிரி ஒரு படலம், ஓரத்தில் வெள்ளையாகப் பொடி. பெட்ரோல் புகும் சின்ன ஓட்டையுள்ள ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தால் ஓட்டையில் வெளிச்சமே தெரியவில்லை. பழைய ஒயரிலிருந்து மெல்லிய செம்பு இழை ஒன்றை உருவி நுழைத்தேன். ஊசி, இரும்புக் கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், அது கூடாது. நாலைந்து தரம் ஊதிய பிறகு குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. டேங்கை வடித்து, புதுசாக ஒரு லிட்டர் பெட்ரோலும் அதோடு கலக்கும் டூ டி ஆயிலும் ஊற்றினேன். நாலாவது மிதியில் பிடித்துவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலும் ஆயிலும்தான் செலவு. மறுநாள் காலை 5 மணிக்கு மார்க்கெட்டில் இருந்தேன்.

டேப்பை மூடாமல் ஊருக்குப் போனது என் தவறு. பெட்ரோல் ஆவியாகிப் போக, அதில் கலந்த எண்ணெய் பிசினாகத் தங்கி ஜெட்டை அடைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர்ப் படலம் வேறு சங்கதி. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும், எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். தினமும் ஓடுகிற வண்டிக்கு இதில் பெரிய பயம் இல்லை. எங்களைப் போல பருவத்துக்குப் பருவம் நிறுத்தி எடுக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு வருகிற எண்ணெய்தான் உயிர். அடியில் தேங்கியதை உறிஞ்சி இன்ஜின் ஓடினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்போது நிஜமாகவே பிளாக் போய்விடும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணைக்க வேண்டும். இதை எந்தப் பங்க்கிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெட்ரோலில் எவ்வளவு எத்தனால், நிறுத்தி வைக்கிற வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் பம்ப்பிலேயே எழுதி வைக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் நாத்தனார் வண்டியும் மழைக்காலம் முழுக்கத் தாழ்வாரத்தில் நின்றது. பெட்ரோல், கரண்ட் எல்லாம் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை. சைலன்சர் வாயில் குச்சியை விட்டுப் பார்த்தால் குளவி மண்கூடு கட்டியிருந்தது! உடைத்து எடுத்ததும் ஓடியது. அந்த வண்டியை 2,000 ரூபாய்க்குப் பழைய இரும்புக்குக் கொடுக்கப் பேசி முடித்திருந்தார்கள்.

எங்கள் மகளிர் குழுவில் தையல், ஊறுகாய், அழகுக்கலை என்று பயிற்சி வருகிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குழுவில் 14 பேரில் 6 பேர் மொபெட் ஓட்டிப் பிழைக்கிறோம். பிளக் கழற்றவும், ஜெட் சுத்தம் செய்யவும், சைலன்சர் கரி எடுக்கவும் ஒரே ஒரு நாள் பயிற்சி போதும். ஐ.டி.ஐ.யில் படிக்கிற பிள்ளைகளை அனுப்பினால்கூட நடத்திவிடலாம். இடம் நான் தருகிறேன், கழற்றிப் பழக என் வண்டியையும் தருகிறேன். மார்க்கெட் முடிந்து 10 மணிக்கு மேல் எந்த நாள் என்றாலும் சரி. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கண்ணில் படும்படி இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பூ விவசாயி,
நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.