ஆளுக்கு 25 பவுண்டு கல்மரம் சரி, குழுவுக்கு எவ்வளவு?

கல் சேகரிப்புக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லித்தான் இந்த மடல்.

அமெரிக்காவில் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் உள்ள பொது நிலத்தில், பொழுதுபோக்குக்காகக் கல்மரம் (கல்லாகிப்போன பழங்கால மரம்) பொறுக்குகிறவர் நாளொன்றுக்கு 25 பவுண்டு எடையும் கூடவே ஒரு துண்டும் எடுக்கலாம். ஆண்டுக்கு 250 பவுண்டைத் தாண்டக் கூடாது. தனியாளுக்கு இது தாராளம். ஆனால் 30 பேர் வண்டி பிடித்துப் போனால்? ஒரே நாளில் 750 பவுண்டு, அதாவது சுமார் 340 கிலோ. ஆளுக்கொரு துண்டு என்பதை இதில் சேர்க்கவே இல்லை. விதியை யாரும் மீறியிருக்க மாட்டார்கள், ஆனால் அந்தச் சரிவில் அடுத்து வருகிறவருக்கு எதுவும் மிஞ்சாது.

பலர் தங்கள் பங்கை ஒன்றுசேர்த்து 250 பவுண்டுக்கு மேற்பட்ட துண்டைத் தூக்கிப் போகக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆக, கூட்டமாக வருகிறவர்களைப் பற்றி யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சின்னச் சின்னத் துண்டுகளாக எல்லாரும் சேர்ந்து அள்ளினால் அதைத் தடுக்க அதில் வழியில்லை. உங்களால் முடியும். எத்தனை பேர் போனாலும் மொத்தம் இவ்வளவுதான் என்று குழுவுக்கே ஓர் அளவு வையுங்கள். ஐந்து பேருக்கான அளவு போதும் என்பது என் கருத்து. கிடைத்ததில் நல்லதைப் பார்த்து எடுக்கும் பழக்கமும் அப்போதுதான் வரும்.

இன்னொரு விஷயம், பைகள். மாலையில் எல்லார் பையும் கலந்துபோய், எது எங்கே கிடைத்தது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. அரிசோனாவின் கல்மரத் தேசியப் பூங்காவில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அப்படியும் எடுத்துப் போனவர்களில் பலர் பின்னாளில் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார்கள். கிடந்த இடம் தெரியாததால் அவற்றைப் பழையபடி வைக்க முடிவதில்லை. 'மனசாட்சிக் குவியல்' என்று தனியே கொட்டி வைத்திருக்கிறார்கள். முறையாக எடுத்த கல்லுக்கும் இதே கதி வரலாம். இடம், நாள், எந்தப் பாறையில் இருந்தது என்ற மூன்றையும் அங்கேயே சீட்டில் எழுதி, கல்லோடு சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

மற்றபடி உங்களுக்குத் தெரிந்ததுதான்: பொது நிலத்திலும் வேறொருவர் சுரங்க உரிமை பெற்ற இடம் இருக்கும், முன்கூட்டியே விசாரியுங்கள். முதுகெலும்புள்ள உயிர்களின் புதைபடிவமோ பழைய அம்புமுனையோ கண்ணில் பட்டால் தொடவேண்டாம். தோண்டிய குழியை மூடுங்கள். பொழுதுபோக்குக்கு என்று எடுத்த கல்மரத்தை வியாபாரிகளுக்கு விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது. நம் கண்காட்சிகளில் சில மேசைகளைப் பார்த்தால் இது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்று சந்தேகம் வருகிறது.

குழு அளவை அடுத்த பயண அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். சிலர் முணுமுணுப்பார்கள். வேண்டுமானால் அவர்கள் இன்னொரு நாள் தனியாகப் போய்த் தங்கள் 25 பவுண்டை எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்களோடு கல் பொறுக்கும் ஒருவர்